ஆசிரியர்களின் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் ஆசிரியர் தினமான ஒக்டோபர் 6ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று மலையகத் தேவாலயங்கள் பலவற்றில் ஆசிரியர்களை முன்னே அழைத்து, பூங்கொத்துக் கொடுத்து, ஜெபிக்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அதே ஆசிரியை அன்று காலை ஞாயிறு பாடசாலை நடத்தியிருப்பார், பாடகர் குழுவில் நின்றிருப்பார், ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்ட அறிக்கை எழுத உட்காருவார். நன்றாக எழுதத் தெரிந்தவர் என்பதால் தோட்டத்துச் சபைகளில் செயலாளர், பொருளாளர் வேலையெல்லாம் அவர் தலையில்தான். அவருடைய களைப்பில் நமக்கும் பங்கு இருக்கிறது.

ஒரு தவணைப் பரீட்சையைக் கணக்குப் பாருங்கள். 40 பிள்ளைகள், நான்கு பாடம் என்றால் 160 விடைத்தாள். ஒன்றுக்கு ஆறு நிமிடம் போனாலும் 16 மணித்தியாலம். அதைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் மேசை இல்லாமல், சொந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்பவர்களும் உண்டு. சனிக்கிழமை அதிலேயே போய்விடும்.

வேதாகமத்தின் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் பிரசங்கம் அனுப்பவில்லை. முதலில் தூக்கம், பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றுதான் தூதன் சொன்னான். கேள்வி கேட்டதெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். கடைசியில் எலிசாவையும் துணைக்குக் காட்டினார். சோர்ந்தவரிடம் “விசுவாசம் போதாது” என்று சொல்லத் துடிக்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அவர் சோர்வு பாவம் அல்ல.

சபை செய்யக்கூடியது இதுதான். ஞாயிறு பாடசாலைக்கு நான்கு பேரைப் பழக்கினால் ஒருவருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விழும். அந்த நால்வரில் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு மேல் வேண்டாம். உயர்தரம் முடித்த இளைஞர்கள் தாராளமாகச் செய்வார்கள். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் ஆசிரியர்களை முழுமையாக விட்டுவிடுங்கள். அந்தச் சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தைத் திறந்து மேசை, நல்ல மின்விளக்கு, மத்தியானச் சோறு கொடுங்கள். யாராவது இருவர் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். விடைத்தாளையும் புள்ளிப் பதிவேட்டையும் வெளியார் தொடக்கூடாது. படம் ஒட்டுவது, எழுத்தட்டை வெட்டுவது போன்றவற்றை இளைஞர்கள் வாங்கிச் செய்யலாம்.

ஆசிரியர்களுக்கான ஜெபக்கூட்டம் மூன்று, நான்கு பேரோடு இருபது நிமிடத்தில் முடியட்டும். பாடசாலை விட்ட பிறகு, பஸ் வருவதற்குள். நீண்டால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அங்கே சொன்ன குடும்பக் கஷ்டம் மறுநாள் தோட்டம் முழுக்கப் பரவினால் அந்தக் கூட்டம் அத்தோடு செத்தது. ஆகவே ஜெபக் குறிப்பு வட்டத்தைத் தாண்டக்கூடாது. பாடசாலை வளாகத்துக்குள்ளும் இதை நடத்த வேண்டாம். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் இந்துக்கள்; பெற்றோர் நம்மீது வைத்த நம்பிக்கை பெரியது.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுச்சுவர் இல்லாத நீளக் கட்டடத்தில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஆசிரியர் கத்தித்தான் கற்பிக்கிறார். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வல்ல, அதுவும் குரலுக்குச் சிரமமே. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். மழை இரையும் நேரத்துக்கு எழுத்து வேலை, படம் வரைதல் என்று மாற்றி வைக்கலாம். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் தயவுசெய்து பாடகர் குழுவுக்கு வற்புறுத்தாதீர்கள்.

பாடசாலைச் சிற்றூழியர்கள், காவலாளிகள், பிள்ளைகளுக்குச் சமைக்கும் தாய்மார் இந்த ஆசிரியர் தினப் பூங்கொத்தில் வருவதே இல்லை. சமைப்பவர் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறார். கொடுப்பனவு பிந்தினால் கடைக் கடன் அவர் பெயரில் ஏறுகிறது. சபைப் பணத்தில் அரிசி, பருப்பு வாங்கி கைமாற்றாகக் கொடுத்து, பணம் வந்ததும் திரும்பப் பெறலாம். ஒரு கொப்பியில் இருவர் கையெழுத்தோடு கணக்கு இருந்தால் பிணக்கு வராது. அவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல், வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு: இவற்றை ஜெபத்தோடு மட்டும் விடக்கூடாது. கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் அழைக்கலாம். போதகர்மார் அந்த இலக்கத்தை அறிவித்தல் பலகையில் எழுதி வைக்கட்டும். ஞாயிறு பாடசாலையின் அடுத்த முறைப்பட்டியலையும் அதன் பக்கத்திலேயே ஒட்டட்டும்.

இப்படிக்கு,
மலையகச் சபை ஊழியர்கள் சிலர்,
ஹட்டன்.