மீன்காரப் பாக்சிக்குக்கும் (மலாயில் 'மாமா') நம்ம தோட்ட லயத்து மக்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டைக் கழுவி, சேற்றை வாரிக் கொட்டி, அம்மாவின் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டு இன்றுதான் கொஞ்சம் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் வேலைக்குப் போக ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் நாள் ஓடிவிடும், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும். வெள்ளத்தில் அந்த நாலு நாள் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள்.

சென்யார் என்ற பெயரையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டோம். மலாக்கா நீரிணையில் ஒரு புயல் உருவாகி நம் மலேசியக் கரைக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்? நமக்குத் தெரிந்ததெல்லாம் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வந்து, ஒரு மணி நேரம் கூரையை ஆட்டிவிட்டுப் போகும் காற்றுதான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் காற்று சுழன்று புயலாகத் திரள்வது ரொம்ப அபூர்வம் என்று தம்பி மகள் பள்ளியில் படித்ததைச் சொன்னாள். அபூர்வம்தான், ஆனால் 2001 டிசம்பரில் ஜொகூரில் வாமெய் புயல் கரையேறியிருக்கிறதே என்று பழைய மண்டோர் (கங்காணி) ஐயா சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுமத்ராவில் சென்யார் கொண்டுபோன உயிர்களைப் பற்றிப் பிறகு செய்தியில் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு நம் வீட்டில் போன சாமான்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் ஒன்றும் ஏற்பாடு செய்யாமல் இருக்கவில்லை. தம்பி கூரைத் தகரத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். பக்கத்து வீட்டுப் பையன்கள் லோங்காங்கை (சாக்கடையை) அள்ளி, வீட்டு மேலே சாய்ந்திருந்த மாமரக் கிளைகளை வெட்டினார்கள். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், அப்பாவின் ஒரே படம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். அரிசி, மெகி, மெழுகுவர்த்தி, டார்ச்லைட், எல்லாம் இருந்தது. பெருமையாகத்தான் இருந்தேன்.

மறந்தது ஒன்றே ஒன்று. பிரிட்ஜில் இருந்த அம்மாவின் இன்சுலின்.

மறந்தேன் என்றால், எடுக்க மறக்கவில்லை. தண்ணீர் ஏறிக் கோயில் மண்டபத்துக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். கரண்டு போனால் அதை எதில் வைப்பது என்று யோசிக்கத்தான் மறந்துவிட்டேன். குத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா நம்ம வீட்டுச் சூட்டில் நாலு வாரம் தாங்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆனால் திறக்காத குப்பிகள் அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் வர வேண்டியவை, 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கிளினிக் போகும் ரோடு தண்ணீருக்குள். மண்டபத்தில் மனிதர்கள் மூச்சு விடவே இடமில்லாத புழுக்கம். ஈரத்துண்டில் குப்பிகளைச் சுற்றி ஜன்னல் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீ போய்ப் பசியாறு" என்பாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் மீன்காரப் பாக்சிக் வந்தார்.

நம்ம லயத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் கடலோரத் தஞ்சோங் காராங்கிலிருந்து மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டாரில் வந்து ஹார்ன் அடிப்பார். எனக்கு அவரோடு இருந்த பழக்கமெல்லாம் கெம்போங் மீனுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக் கேட்பது மட்டும்தான். அன்று அவர் மீன் விற்க வரவில்லை. லயத்து வீடுகள் மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எல்லாரும் எங்கே, பத்திரமாக இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு, பாதி வழிக்கு மேல் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். என் கையிலிருந்த துண்டைப் பார்த்து, "இத்து உபாட் அச்சியா?" என்று, அது அச்சியின் மருந்தா என்று மலாயில் கேட்டார். அச்சி என்றுதான் அம்மாவைக் கூப்பிடுவார். நான் ஆமாம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார். சரி, பார்த்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தார், முழங்கால் வரை சேறு. கையில் ஒரு சின்ன ஐஸ்பெட்டி, நீல நிறம், புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. உள்ளே ஐஸ். நீ ஏன் பாக்சிக் புதுசு வாங்கினாய், உன் மீன் பெட்டியிலேயே கொஞ்சம் இடம் கொடுத்திருந்தால் போதுமே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இது கார்த்திகை மாதம், அச்சி இந்த மாதம் மீன் வாங்க மாட்டார், நீங்கள் கோயிலில் இருக்கிறீர்கள், மீன் வாடை அடிக்கும் பெட்டியில் அச்சியின் மருந்தை எப்படி வைப்பது என்றார்.

யோசித்துப் பாருங்கள். புரட்டாசியில் யார் வாங்க மாட்டார்கள், கார்த்திகையில் யார் வாங்க மாட்டார்கள் என்பது இருபது வருடமாக அவர் மனதில் இருந்திருக்கிறது. வியாபாரத்துக்காகத் தெரிந்து வைத்திருப்பார் என்று சொல்லலாம். ஊரே மூழ்கிக் கிடக்கும்போது அதை நினைத்துப் பார்த்து, இருக்கிற பெட்டியை விட்டுவிட்டுக் கைக்காசு போட்டுப் புதுசு வாங்க வைத்தது வியாபாரம் இல்லை.

அப்புறம் அவரே உட்கார்ந்து அடுக்கினார். ஐஸ், அதன்மேல் மடித்த நாளிதழ், அதன்மேல் துண்டு, அதற்கு மேலே குப்பிகள். "ஜாங்கான் கெனா ஆயிஸ்" (ஐஸ் படக் கூடாது) என்று மூன்று தடவை சொன்னார். ஐஸில் பட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மனைவிக்கும் இதே மருந்துதானாம், இப்போது அந்த அம்மா இல்லை. அதைச் சொல்லும்போது பெட்டி மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கரண்டு வரும் வரைக்கும் தினமும் காலையிலும் சாயங்காலமும் ஐஸ் கொண்டுவந்து மாற்றினார். ஒரு தடவைகூடப் பணம் வாங்கவில்லை. அம்மா ஒருவேளைகூட ஊசி தவறவில்லை.

மற்ற எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், அதனால் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி முழுக்கப் படகு தள்ளிய பொம்பா (தீயணைப்பு) வீரர்கள், சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து சோற்றுப் பொட்டலங்களோடு வந்த பையன்கள், மண்டபத்தைத் திறந்துவிட்டு அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்ட கோயில் நிர்வாகத்தினர், பிள்ளைகளைப் பயப்படாமல் பாட வைத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், கணக்கு அப்புறம் பார்க்கலாம் என்று பால்மாவும் டயப்பரும் தூக்கிக் கொடுத்த மளிகைக்கடைத் தவுக்கே (முதலாளி), செயின்சாவோடு வந்து ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளிய வங்காளதேசத் தொழிலாளித் தம்பிகள், மழையிலேயே கம்பத்தில் ஏறிக் கரண்டு கொடுத்தவர்கள். உங்களில் பலர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் எங்களுக்கு வந்து நின்றீர்கள்.

இனி நான் செய்யப் போவதை இங்கேயே எழுதி வைக்கிறேன், தவறினால் நீங்கள் கேட்கலாம். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போதே பருவமழைக்கும் சேர்த்துத் தயாராவேன், நவம்பர் வந்தபிறகு ஓட மாட்டேன். அதற்கு முன்னால் நம்ம நாலு லயத்திலும் வீடு வீடாகப் போய், யார் இன்சுலின் போடுகிறார்கள், யார் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார்கள், யார் தனியாக இருக்கும் பெரியவர், யார் படுத்த படுக்கை என்று ஒரு நோட்டில் எழுதுவேன். அரிசிக்கு முன்னால் அந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், ஒருத்தியால் முடியாது.

பெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம், அச்சி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கார்த்திகை விளக்கு ஏற்றிய அன்று அம்மா உருண்டை பிடித்து அனுப்பினாள், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் பேசினால் பாதி புரியும், வாசிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை ஹார்ன் சத்தம் கேட்கும்போது நான் வேலையில் இருப்பேன். யாராவது வாசலுக்குப் போய், மீன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, இதை அவருக்கு மலாயில் சொல்லிக் காட்டுங்கள்.