செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ பேசி இருபத்திரண்டு நாளாகிறது. வேலை இருக்கும், சரி. வருகிற தபாலை மட்டும் அன்றன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடு.

நான் லண்டன் வந்திருந்தபோது பார்பிகன் அரங்கத்துக்குக் கூட்டிப்போனாயே, அங்கேயே ஒன்று சொல்ல நினைத்தேன். அது 1982-இல் திறந்தபோது அங்கே குடிவந்த ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் தலைவர் நம் கணக்குத் தொழில்காரர், கென்னத் கார்க். 1978-இல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் ஆனவர். 1757-இல் செய்த தங்க வண்டியில் ஊர்வலம் போகிற பதவி அது. அவர் தொழில் என்ன தெரியுமா? நொடித்துப்போன கம்பெனிகளின் கணக்கை முடித்துக்கொடுப்பது. நம் பக்கம் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களோடேயே காலம் கழித்தவரை அங்கே நகரத்தின் முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பதவியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 1977-இல் அவர் தலைமையில் அமைத்த குழு. 1982-இல் அறிக்கை கொடுத்தார்கள், 1986-இல் திவால் சட்டமே மாறியது. பிழைக்கக்கூடிய தொழிலுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. நொடித்த கம்பெனியை நிர்வகிக்க நியமிக்கிற அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பேற்றால், அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட முடியாது. ஓட்டுப் போடுகிற கடன் கொடுத்தவர்களில், கடன் மதிப்பில் முக்கால் பங்குக்காரர்கள் ஒத்துக்கொண்டால் தவணையில் கட்டலாம். உனக்குத் தெரிந்தவர் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

சுதா போன் பண்ணியிருந்தாள். நீ ஆபீஸை மாற்றிவிட்டாய் என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை. நீ கம்பெனி தொடங்கியபோது உன் கார்டைத் தெருவெல்லாம் காட்டியவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்கினாய் என்ற வருத்தமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். தபாலைப் பிரி, செந்தில். பிரிக்காத உறைக்கு வட்டி நிற்காது.

சித்தப்பாவின் அச்சகம் பற்றி உனக்குச் சொன்னது பாதிதான். அவன் மேஜை டிராயரில் பிரிக்காத உறைகள் முப்பதுக்கு மேல் கிடந்தன. பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாகக் கிழித்து, சித்தி எதிரிலும் கம்பாசிட்டர் எதிரிலும் தொகையை உரக்கப் படித்தேன். அவன் கை மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தான். பேங்க் மேனேஜர் எனக்குப் பழக்கம். கூடப் போய் ஆறு மாதம் தவணை கேட்டிருக்கலாம். ஆடிட்டரின் தம்பியா இப்படி என்று கேட்பார்களே என்று என் பெயரைத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அவன் நம் வீட்டுப் படி ஏறாததற்கு அவன் ரோஷம் காரணம் என்று உனக்குச் சொல்லிவைத்தேன். அது பொய்.

உன் கணக்கை அனுப்பு என்று சொல்லவில்லை. அனுப்பினால் உட்கார்ந்து பார்க்கிறேன். உரக்கப் படிக்க மாட்டேன். ராத்திரி ஒரு மணி வரை முழித்துத்தான் இருக்கிறேன். அம்மா அதற்குள் தூங்கிவிடுவாள்.

அப்பா