கயலுக்கு, பத்மினி பார்க்கப் போகும் முன்

அன்புள்ள கயல்,

நீ வாங்க நினைக்கும் அந்தப் பழைய பத்மினி காரைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினாலு போட்டோவையும் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்கு வந்த காராட்டமே இருக்குதுங்க" என்றாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது அம்பாசடர். அதைச் சொல்லப்போய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு, அங்கே போனதும் அந்த ஐவரி கலரையும் சிவப்பு சீட்டையும் பார்த்து எல்லாவற்றையும் மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை போகும்போது இதைக் கையில் எடுத்துக்கொண்டு போ. முழங்கால் ஒத்துழைத்தால் நானே புனேக்கு ரயில் ஏறியிருப்பேன்.

பதினாலு படத்தில் எட்டு, முன்பக்க கிரில். மூன்று, டேஷ்போர்டு. மீதி, சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் எடுத்தது. அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. டிக்கியைத் திறந்து எடுத்தது இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கி எடுத்தது இல்லை. விற்கிறவர் மறைக்கிறார் என்று சொல்லவில்லை, யாருக்கும் அதையெல்லாம் படம் எடுக்கத் தோன்றாது. நீ கேட்க வேண்டும். முக்கியமாக, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், தகரம் வெளியே தெரிய எடுத்த படங்களைக் கேள். உண்மையாகவே பிரித்து வேலை பார்த்தவர்கள் அந்தப் படங்களைக் குழந்தை போட்டோ மாதிரி வைத்திருப்பார்கள், கேட்காமலே காட்டுவார்கள். ஒன்றுகூட இல்லை என்றால் அது ரெஸ்டோர் செய்த கார் இல்லை, பெயின்ட் அடித்த கார். அதற்குத் தகுந்த விலையைத்தான் பேச வேண்டும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கார் பட்டறையில் சேர்ந்த புதிதில், எனக்கு இருபது வயது இருக்கும், புரோக்கர் ஒருவர் ஒரு ஃபியட்டைக் கொண்டுவந்தார். (பத்மினி என்று பெயர் வைத்து எத்தனை வருஷம் ஆனாலும் நம் ஊரில் அது ஃபியட்தான்.) இரண்டு பக்கமும் ரன்னிங் போர்டு, அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரம், துருப்பிடித்து, விரல் வைத்தால் உள்ளே போகிறது. அறுத்து எடுத்துப் புதுத் தகரம் வைக்க வேண்டிய வேலை. முதலாளி, "மூணு நாள்ல வேணுமாம்" என்றார். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தேன். மேலே கம்பி வலை, அதன் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை). தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வேலை சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தனியாக ஐம்பது ரூபாய் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அதை வாங்கினவர் வந்தார். வாளையார் பக்கம் ராத்திரி பஞ்சர் ஆகியிருக்கிறது, ஜாக் வைத்து ஏற்றியிருக்கிறார், கார் ஏறவில்லை, ஜாக்தான் உள்ளே ஏறியிருக்கிறது. அந்த ஓட்டையில் நான் திணித்த பேப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திட்டவே இல்லை. "இதை யாரு பண்ணினது?" என்று மட்டும் கேட்டார். நான் பட்டி பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். முதலாளி மழையின் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்.

அதனால்தான் பளபளப்பைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அந்த பளபளப்பு எப்படி வருகிறது என்பது என் கைக்குத் தெரியும்.

பத்மினிக்கு ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ், அதாவது அடியில் தாங்கும் இரும்புச் சட்டம், கிடையாது. பிளாட்பாரம் (காரின் தரை), ரன்னிங் போர்டு, தூண், கூரை எல்லாம் சேர்ந்த தகரக் கூடுதான் மொத்த எடையையும் தாங்குகிறது. சென்னை வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு ரகம், அதில் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடி அரித்துப் போனாலும் அடியில் எலும்பு இருக்கும். பத்மினியில் ரன்னிங் போர்டே எலும்பு. அது போனால் வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் கார் நடுவில் தொய்ய ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாக் போதும். உன் கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போ, இதை அவர் செய்யட்டும். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் கதவுக்கு அடியில் ஜாக் வைக்கும் இடத்தில் வைத்து மெதுவாக ஏற்றச் சொல். நீ தள்ளி நின்று கதவின் இடைவெளியைப் பார். சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகு கதவைத் திறந்து மூடு. தரையில் இருந்தபோது மூடியது மாதிரியே மூட வேண்டும். இடிக்கிறது, தூக்கி மூட வேண்டியிருக்கிறது, மேலே இருக்கும் இடைவெளி அகலமாகிவிட்டது என்றால், கூட்டில் பலம் இல்லை. ஜாக் வைத்த இடம் நொறுங்குகிற சத்தம் கேட்டால் காரை இறக்கச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

அப்புறம் காந்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் அந்தத் திருப்பதி காந்தமே போதும், கைக்குட்டையில் சுற்றிக்கொள், பெயின்டில் கீறல் விழாது. கதவின் அடி நாலு அங்குலம், சக்கர வளைவின் ஓரம், ஹெட்லைட்டைச் சுற்றி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியின் தரை. தகரம் இருந்தால் இழுக்கும், பட்டி கனமாக இருந்தால் வழுக்கி விழும். ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டி எந்தப் பழைய காரிலும் இருக்கும், அதற்குப் பயப்படாதே. விரல் கணுவால் தட்டியும் பார்க்கலாம். தகரம் 'டங்'கென்று சொல்லும், பட்டி 'தொப்'பென்று சொல்லும். தேங்காய் வாங்கத் தெரிந்த உனக்கு இது கஷ்டம் இல்லை.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். குனிந்து பார். பட்டியாலோ பெயின்டாலோ அதை அடைத்திருந்தால், கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கி, புதுக் கதவும் இரண்டு மழைக்காலத்தில் அரித்துவிடும். அவசரத்தில் வேலை செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அதே மாதிரி, முன் சஸ்பென்ஷனில் கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்குகள், கிரீஸ் நிப்பிள்கள், இருக்கும். அதன் மேலேயே பெயின்ட் படிந்திருந்தால், அடித்த நாளிலிருந்து யாரும் கிரீஸ் துப்பாக்கியை அங்கே வைக்கவில்லை என்று அர்த்தம். நிப்பிளைச் சுற்றி அழுக்குக் கிரீஸ் பிதுங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷம். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் மட்டும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்கச் சொல். தார் நல்லதற்கும் பூசுவார்கள், மறைப்பதற்கும் பூசுவார்கள்.

கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார். புழுங்கின வாடை வந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது.

இது மும்பையில் டாக்ஸியாக ஓடிய காரா என்று கேட்டுக்கொள். அங்கே கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரில்தான் காலம் முடிந்தது. டாக்ஸியாக இருந்ததால் மோசம் என்று இல்லை. ஆனால் கடல் காற்றும் மழையும் தின்ற பாடியாக இருக்கலாம். இடது பக்கம் மீட்டர் மாட்டிய தடம், கூரையில் கேரியர் ஓட்டைகளை அடைத்த தடம், டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருந்த போல்ட் ஓட்டைகள், இதெல்லாம் இருக்கிறதா பார்.

இன்ஜினைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்படுகிறாய் என்று தெரிகிறது, உன் கேள்விகள் முழுக்க அதுதான். நான் அவ்வளவு கவலைப்படவில்லை. நாலு சிலிண்டர், 1089 சிசி, எந்தப் பழைய மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார். ஒன்று மட்டும் செய். நீ வரும்முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிடு. போனதும் பானெட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் ஏன் என்று கேள். குளிர்ந்த இன்ஜின் சோக் இழுத்தால் பிடிக்க வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை இருக்கிறது. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே பால் காபி நிறத்தில் கூழாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம், சூடேறினால் வளைந்துவிடும், அதனால் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டி டெம்பரேச்சர் முள்ளைப் பார். வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது.

ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை கியர் உனக்குப் புதுசு. நாலு கியரும் ரிவர்ஸும் தேடாமல் விழ வேண்டும். கியர் கம்பியை இணைக்கும் லிங்கேஜ் தேய்ந்திருந்தால் கம்பி கஞ்சிக்குள் கரண்டி மாதிரி ஆடும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், உன் ஆபீஸ் கார் மாதிரி நிற்காது, தெரிந்துகொள். நின்ற இடத்தில் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடி. கால் மெதுவாகக் கீழே இறங்கினால் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது. டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதே, பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஷோவுக்கு நிற்கும் கார்களில் பத்து வருஷ டயர் புதுசு மாதிரியே இருக்கும்.

பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) இரண்டும் எப்போது மாற்றினது என்று கேள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை அது கெடுத்துவிடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் விளையாட்டு இல்லை.

இப்போது பேப்பர். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் காரில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார். பேப்பர் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொள், ஆர்.டி.ஓ. ஆபீசிலும் அப்படித்தான் எடுப்பார்கள். சேஸிஸ் நம்பரைச் சுற்றி வெல்டிங் தடமோ பட்டியோ இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். விற்கிறவர் பெயரில்தான் ஆர்.சி. இருக்கிறதா? "ஓனர் வெளிநாட்டுல, நான் பார்த்துக்கிறேன்" என்றால், ஓனர் ஊருக்கு வரட்டும்.

"விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய காருக்குத்தான் அந்தத் தனிப் பதிவு. 1978 கார் என்றால் 2028 வரை பேச்சுக்கே இடமில்லை. கிடைத்தாலும், பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டிவிட்டு, ரேலி, கண்காட்சி, ரிப்பேர், பெட்ரோல் என்று அதற்காக மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். நீ ஞாயிற்றுக்கிழமை லோனாவாலா போக ஆசைப்படுகிறாய், உனக்குச் சாதாரணப் பதிவுதான் சரி. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், இப்போது எதுவரை இருக்கிறது என்று பார். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். முடியப்போகிற ஆர்.சி. என்றால் அந்தச் செலவை விலையில் கழி.

சின்னச் சாமான்களையும் எண்ணிக்கொள். ஹார்ன் ரிங், டெயில் லேம்ப் கண்ணாடி, எம்பளம், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. இன்ஜினுக்கு பிஸ்டன் கிடைத்துவிடும், ஒரு டெயில் லேம்ப் கண்ணாடிக்குச் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்திருக்கிறேன்.

இத்தனையும் கேட்கும்போது போலீஸ் மாதிரி கேட்காதே, கண்ணு. அந்த மனுஷனும் ஆசைப்பட்டுத்தான் செய்திருப்பார். நல்ல வேலை செய்தவராக இருந்தால் நீ தரையில் படுத்து அடியைப் பார்ப்பது அவருக்குப் பெருமை. டார்ச் கொடுப்பார், பாய்கூட விரிப்பார். முகம் சுளித்தால், "அடியில என்னங்க இருக்கு" என்றால், நீ புரிந்துகொள்ளலாம். பழைய சுடிதார் போட்டுக்கொண்டு போ.

அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட சனிக்கிழமை கொடுக்காதே. அம்மா உன் அக்கவுண்டில் பணம் போடுகிறேன் என்று சொன்னாளாமே, அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

ஜாக் ஏற்றி, சக்கரம் எழும்பிய பிறகு முன் கதவை மூன்று முறை திறந்து மூடி, அந்தச் சத்தத்தை போனில் ரெக்கார்டு செய்து எனக்கு அனுப்பு. இறக்கிய பிறகு இன்னொரு மூன்று முறை. இரண்டையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா