மழைக்கு முன்பே போட வேண்டிய ஒப்பந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் கடலோர மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் தொண்டு நிறுவனங்களை அழைத்து ஒரு கூட்டம் போடுவார்கள். அமைப்பின் பெயர், கைப்பேசி எண், 'என்ன உதவி செய்ய இயலும்' என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதி, டீ குடித்துவிட்டுக் கலைவது வழக்கம். புயல் அடித்த மறுநாள் அந்தப் பதிவேட்டை யாரும் தேடுவதில்லை. நிவாரண வண்டிகள் நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் ஊரிலேயே காலியாகிவிடும். நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. 2018 கஜா புயலின்போது நிவாரணம் வந்து சேராத உள்கிராமங்களில் சாலை மறியல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 6,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் அது. எங்கெங்கிருந்தோ அமைப்புகள் வந்து இறங்கின. 2005 ஜனவரியிலேயே உள்ளூர்த் தொண்டு நிறுவனமான சினேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் போன்றவை மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. பொருள் கொடுப்பது அதன் வேலை அல்ல. எந்த ஊரில் யார் இருக்கிறார்கள், எது கொடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஊர்வாரியாகக் கணக்கு வைத்து, புதிதாக வருபவரை ஆள் இல்லாத ஊருக்குத் திருப்பிவிடுவதுதான் வேலை. அப்படியிருந்தும் படகு விஷயம் கைமீறிப் போயிற்று. புகைப்படத்துக்குப் பைபர் படகைப் போல எடுப்பான உதவி வேறில்லை, ஆளாளுக்குக் கொடுத்தார்கள். அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவர் சொந்தப் படகுக்காரர் ஆனார். அது நல்லதுதான். ஆனால் அந்தப் படகில் ஏற ஆள் வேண்டுமே? தொழிலுக்குப் போக ஆள் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. ஒருங்கிணைப்பு மையம் தகவல் சொல்லலாம், கொடுப்பவர் கையைப் பிடிக்க முடியாது. கையைப் பிடிக்க வேண்டுமானால் உதவ வரும் அமைப்புகள் தங்களுக்குள் முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தம் வேண்டும்.

இரண்டு பக்கம் போதும். 'இணைந்து செயல்படுவோம்' போன்ற வாக்கியங்களை விட்டுவிட்டு அளவுகளை எழுத வேண்டும். 300 குடும்பம், 1,200 பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நிவாரணப் பணிக்கு உலகெங்கும் அளவுகோலாக இருக்கும் ஸ்பியர் தரநிலைப்படி ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர். ஆக 18,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் காலையில் முழு நடை, மாலையில் அரை நடை. ஒப்பந்தம் இல்லாமல் மூன்று அமைப்புகள் 'தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றால் காலை எட்டு மணிக்கு மூன்று லாரி நிற்கும். மாலையில் ஒன்றும் வராது.

பிளீச்சிங் பவுடரை யார் போடுவது? லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வீதம் 18,000 லிட்டருக்கு 36 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதச் சத்துள்ள புதுப் பவுடர் என்றால் ஏறக்குறைய 110 கிராம். வாய் திறந்த மூட்டையில் ஈரம் ஏறி அந்தச் சத்து 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 145 கிராம். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். லாரி வாடகை கொடுப்பவர், பவுடர் போடுபவர், சோதித்துக் குறித்துவைப்பவர் என மூன்று பேரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எழுதி வைக்காத இடத்தில் லாரி ஓட்டுநரே ஒரு கை அள்ளிப் போடுவார், அல்லது போடவே மாட்டார். கழிப்பறையும் இப்படித்தான். 20 பேருக்கு ஒன்று என்றால் இந்த ஊருக்கு 60. கட்டுபவர் பெயர் எல்லா அறிக்கையிலும் இருக்கும், கழுவுபவருக்குச் சம்பளம் யார் தருவது என்பது எதிலும் இருக்காது.

கூட்டாளிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, பட்டியலால். ரேஷன் அட்டையை வைத்துப் பட்டியல் எடுத்தால் ஒரே அட்டையில் இருக்கும் மூன்று குடும்பங்கள் ஒன்றாகிவிடும். வாடகைக்கு இருப்பவரின் அட்டை வேறு ஊரில் இருக்கும். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுக் கணக்கை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தலைக்கட்டு என்பது வரி கொடுக்கும் ஆணின் கணக்கு. கணவனை இழந்தவரின் வீடு பல ஊர்களில் அதில் வராது. மீனவரல்லாத கூலிக் குடும்பங்களும், கரையோரக் குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் இருளர் குடியிருப்பும் வராது. அதனால் தலைக்கட்டுப் பட்டியல், ரேஷன் கடைப் பட்டியல், அங்கன்வாடிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, விடுபட்டவர்களைத் தெருவில் நடந்து சேர்க்க வேண்டும். இதை உள்ளூர் அமைப்புதான் செய்ய முடியும். மழைக்கு முன் செய்தால் பொறுமையாக இரண்டு நாள் வேலை. வெள்ளத்தில் செய்தால் அடிதடி.

அடுத்தது நிதி. 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. வாங்குபவரிடம் அதே சட்டப் பதிவு இருந்தாலும் கூடாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. சென்னையில் ஒரு பெரிய அமைப்பு பணத்தை வாங்கிப் பத்து கிராம அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் பழைய ஏற்பாடு அத்தோடு முடிந்தது. இது தெரிந்தும் சிலர் பழைய ஒப்பந்தப் படிவத்திலேயே தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தணிக்கையில் மாட்டினால் இரு தரப்புக்கும் ஆபத்து. இப்போதைக்குச் சரியான வழி, கொள்முதலையும் வண்டி வாடகையையும் பெரிய அமைப்பே கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் நேரடியாகக் கொடுப்பது. பட்டியல், விநியோகம், புகார் கேட்பது மூன்றும் உள்ளூர் அமைப்பிடம் இருக்கட்டும். அதன் செலவுக்கு உள்நாட்டு நன்கொடை அல்லது சிஎஸ்ஆர் நிதியை, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தை, தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

சிஎஸ்ஆர் நிதியில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு தவறு உண்டு. நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி, பணம் தரும் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கானது. களத்தில் திட்டத்தை நடத்தும் ஆள், பெட்ரோல், கண்காணிப்பு எல்லாம் திட்டச் செலவு. நிறுவன அதிகாரிகள் இந்த 5 சதவீதத்தைக் கூட்டாளி அமைப்பின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அமைப்பும் பயந்துபோய்க் களப்பணியாளர் சம்பளத்தை 'போக்குவரத்து' என்று எழுதுகிறது. இருவரும் விதியை ஒருமுறை படித்தால் அந்தப் பொய்க்கணக்குக்கே அவசியமில்லை. 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இல்லாத அமைப்பு வழியாக நிறுவனங்கள் இந்த நிதியைச் செலவிட முடியாது. அந்த எண்ணும் மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

தவணைகளையும் கவனிக்க வேண்டும். கடைசித் தவணையைத் தணிக்கை முடியும்வரை நிறுத்திவைத்தால், சிறிய அமைப்பு மளிகைக்கடையிலும் தார்ப்பாய்க்காரரிடமும் கடன் சொல்லித்தான் காலம் தள்ளும். அடுத்த புயலுக்கு அந்தக் கடை அவர்களுக்குத் திறக்காது. நிறுத்திவைப்பது 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரே தார்ப்பாய் விநியோகத்துக்கு நான்கு நன்கொடையாளர்கள் நான்கு விதமான படிவம் கேட்பதையும் நிறுத்தலாம். வரவு, கொடுத்தது, இருப்பு, கையெழுத்து அல்லது ரேகை என்று ஒரே இருப்புப் பதிவேடு. அதன் நகல் எல்லோருக்கும்.

அமைப்பு வேலையை முடித்து ஊரைவிட்டு வெளியேறும் தேதியையும், அதன்பின் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுத வேண்டும். வெள்ளத்துக்குப் பின் ஊருக்கு ஓர் ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வைப்பார்கள். திறப்பு விழாவும் நடக்கும். மின் இணைப்பு யார் பெயரில், வடிகட்டி மாற்றும் பணம் யாருடையது என்று ஊராட்சியிடம் எழுதி வாங்கியிருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொண்டதும் இயந்திரம் நிற்கும். அதன்பின் அந்த அறையில் ஊராட்சியின் துடைப்பமும் தெருவிளக்குக் கம்பிகளும்தான் இருக்கும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். பேரிடர் நாட்களில் 'உதவ விரும்புவோர்' என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்கள். அதில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணோடு, எந்த ஒன்றியத்துக்கு எது எத்தனை தேவை, எந்தத் தேதி நிலவரம், எது இனி வேண்டாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 'பழைய துணி வேண்டாம்' என்பது முதல் நாளிலிருந்தே அந்தப் பெட்டியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடலோரக் களப்பணியாளர்கள் சிலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்