உதட்டிலும் மூக்கிலும் வரும் ரத்தக்குழாய்க் கட்டியை விட்டுவைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் உதட்டிலோ மூக்கு நுனியிலோ கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்பு தெரிந்து, அது வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போனாலும், நம் வீடுகளில் "தானா வத்திடும், விடு" என்றுதான் சொல்கிறார்கள். கூடவே, கிரகணத்தன்று வெளியே போனாயா என்று தாயிடம் விசாரணை வேறு. பச்சை உடம்போடு அவள் அதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இது ஹெமாஞ்சியோமா என்கிற ரத்தக்குழாய்க் கட்டி. புற்றுநோய் அல்ல. முதுகிலோ தொடையிலோ சின்னதாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு வயதுவாக்கில் மெல்ல வெளுத்துச் சுருங்க ஆரம்பிக்கும், சரி. ஆனால் முகத்தில் வந்தால் கதையே வேறு, பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. என் அண்ணன் பேத்திக்கு மேலுதட்டில் வந்தது புண்ணாகிவிட்டது. பால் குடிக்க வாய் வைப்பாள், உடனே வீறிட்டு அழுதுகொண்டு வாயை எடுத்துவிடுவாள், பசியும் தீராது. மூக்கு நுனியில் வந்தால் குருத்தெலும்பே விலகி, கட்டி வற்றிய பிறகும் மூக்கு கோணலாக நின்றுவிடலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. பிரான்சின் போர்டோ நகரில் மூக்கில் இந்தக் கட்டியோடு இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்து, அதில் இதயத் தசை தடித்துப்போக, அதைச் சரிசெய்ய ப்ரோப்ரனோலால் கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மாறி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. 2008-ல் இதை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு எத்தனையோ வருடமாகக் கொடுத்துவரும் மருந்துதான். அதற்காக வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், சர்க்கரை இறங்கும், நாடித்துடிப்பு குறையும். மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும், பால் கொடுத்துவிட்டுத்தான் மருந்து.

தாடை, கீழுதடு, கழுத்து என்று சிவப்பு பரவியிருந்து மூச்சில் கர்கரென்று சத்தமும் வந்தால், மூச்சுக்குழாயிலும் கட்டி இருக்கலாம். சளி என்று கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

45-வது நாள் ஊசிக்கு எப்படியும் எல்லாக் குழந்தைகளும் வருகிறார்கள், கட்டி வேகமாக வளர்வதும் அப்போதுதான். ஊசி போடும் செவிலியர் முகத்தையும் வாயையும் ஒருமுறை பார்த்து, சந்தேகம் வந்தால் மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்கு எழுதி அனுப்பும்படி சுகாதாரத் துறை உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்