மாலை ஆறு மணிக்கு மேல்

மெல்போர்ன், ஃபுளோரிடா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஜூலை மாத ஆர்லாண்டோ பயணத் திட்டத்தை நானும் அம்மாவும் இரண்டு தடவை படித்தோம். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஒரு நிமிஷம் வீணாகாமல் போட்டிருக்கிறாய். ஆறு மணிக்கு மேல் ஏழு நாளும் ஒரே வார்த்தை: ‘ரூம்’. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் குழந்தைகள் வந்துவிடுவார்கள், சொல்ல நினைத்ததில் பாதி நின்றுபோகும்.

மினசோட்டாவில் இத்தனை வருஷம் இருந்ததில் இந்த ஊர் ஜூலை உனக்கு மறந்திருக்கும். கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து ஒரு கடற்காற்று, மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இன்னொன்று. இரண்டும் நடு நிலத்தில் மோதி மேகம் எழும்பும், பிற்பகலில் இடியும் மின்னலுமாகக் கொட்டும். தீம் பார்க்கில் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நீச்சல் குளத்திலிருந்தும் கரையேறச் சொல்வார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிகிற வரை குழந்தைகளை வெளியே விடாதே. ஏழு மணிக்குப் பெரும்பாலும் வானம் ஓய்ந்துவிடும். காற்று இதமாக இருக்கும். சூரியன் மறைய எட்டேகால் ஆகும். இங்கே கோடையில் பொழுது என்று இருப்பதே அப்போதுதான். அதனால் காலையில் சீக்கிரம் போய்விட்டுப் பதினொன்றரைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நன்றாகத் தூங்குங்கள். இரவை எனக்குக் கொடு.

முதலில் காயல். ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் டைட்டஸ்வில் வந்துவிடலாம். அதை ஒட்டிய இந்தியன் ரிவர் காயலிலும், பக்கத்து மஸ்கிட்டோ லகூனிலும் கோடை இரவுகளில் தண்ணீர் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள், அசைத்தால் நீலமாக மின்னும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது என்று உன் அத்தை வீடியோ அனுப்பினாளே, அந்த மாதிரி உயிர்கள்தான். அங்கே அது எப்போதோ வந்த அதிசயம், இங்கே ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் உட்கார்ந்து துடுப்பைப் போட்டால் துடுப்பு முனையிலிருந்து வெளிச்சம் சுழன்று போகும். கையை விட்டு எடுத்தால் விரலிலிருந்து பொறி சொட்டும். அடியில் மீன் ஓடினால் ஒரு கோடு கிழித்ததுபோல் தெரியும். போன வருஷம் முதல் தடவை பார்த்தேன். பேச்சே வரவில்லை.

இதற்கு இருட்டு முக்கியம். பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் ஆனபின் சந்திரன் நேரம் கழித்துத்தான் எழும். அதிலிருந்து அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரை முன்னிரவு நல்ல இருட்டாக இருக்கும். ஊரிலிருந்து வந்த நாள்காட்டியில் அம்மா அந்த நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பார்க் டிக்கெட்டை அதற்கு ஏற்றாற்போல் மாற்று. சந்திரனை மாற்ற முடியாது. கொசு உண்டு, முழுக்கைச் சட்டை எடுத்து வை.

இரண்டாவது, ஆமை. இதற்கு நீங்கள் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க வேண்டும். மெல்போர்ன் பீச்சிலிருந்து வபாசோ வரை சுமார் இருபது மைல் கடற்கரையில் 1991ல் ஏற்படுத்திய ஆர்ச்சி கார் சரணாலயம் இருக்கிறது. உலகத்தில் பெருந்தலை ஆமைகள் மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் அது ஒன்று. ஜூன், ஜூலையில் அனுமதி பெற்ற குழுக்கள் இரவில் கூட்டிப்போவார்கள். நாமாக டார்ச் அடித்துக்கொண்டு போகக்கூடாது, போன் வெளிச்சமும் ஆகாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து ஊர்ந்து போய்ச் சாகும். அதனால்தான் இங்கே கடற்கரை வீடுகளில் மார்ச் முதல் அக்டோபர் வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுகிறோம்.

ஆமை குழி தோண்டி முட்டையிட ஆரம்பித்தபிறகுதான் கிட்டே விடுவார்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் உடம்பை இழுத்துக்கொண்டு மணலில் ஏறி, நூறு முட்டைபோல இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் போகும். நம் ஊர்ப் பங்குனி ஆமைக்குச் சென்னையில் பிள்ளைகள் இரவெல்லாம் கரையோரம் நடந்து காவல் இருக்கிறார்கள் இல்லையா, அப்படி ஆமை முட்டையிட வருவதைப் பேரன் பேத்திக்கு இங்கேயே காட்டலாம். சில இரவுகளில் ஆமை வராது. அதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வை. வராவிட்டாலும் நான் அவர்களோடு மணலில் உட்கார்ந்திருப்பேன்.

இதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீ கேட்கலாம். நீ ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளி முடிக்கும் வரை இதே ஊரில்தான் இருந்தாய். அந்த ஆறு வருஷமும் நான் ஒரு ஹோட்டலில் ராத்திரி ஷிப்ட். நீ ஸ்கூலிலிருந்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். காயல் பத்து நிமிஷத் தூரம், கடற்கரை கால் மணி நேரம். ஒரு இரவுகூட உன்னை அங்கே கூட்டிப்போகவில்லை. பணம் வேண்டியிருந்தது, அது சரி. ஆனால் மாதத்தில் இரண்டு நாள் எனக்கு லீவு இருந்தது, அதையும் தூங்கியே கழித்தேன். அதை நினைக்கும்போது இப்போதும் மனசு வலிக்கிறது.

ராக்கெட்டைத் திட்டத்தில் எழுதாதே. கேப் கனாவரலிலிருந்து இப்போது அடிக்கடி விடுகிறார்கள், இரவில் விட்டால் வானம் பகலாகிவிடும். டைட்டஸ்வில் காயல் கரையில் நின்றால் முதலில் வெளிச்சம்தான் வரும். சத்தம் வந்துசேர ஒரு நிமிஷம்போல ஆகும், வந்ததும் நெஞ்சுக்குள் அதிரும். ஆனால் காற்று, மேகம் என்று கடைசி நேரத்தில் ஒத்திவைப்பார்கள். ஒரு பையைத் தயாராக வை, குழந்தைகளுக்கு வாக்குக் கொடுக்காதே.

பார்க் வாணவேடிக்கை ஒரே ஒரு இரவு போதும். முடிந்ததும் கூட்டத்தோடு ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். கீ வெஸ்டில் மல்லோரி சதுக்கத்துச் சூரியாஸ்தமனம் அழகுதான், ஆனால் குழந்தைகளோடு காரில் அவ்வளவு தூரம் இந்தமுறை வேண்டாம்.

ஒன்று மட்டும் மாப்பிள்ளையிடம் கட்டாயம் சொல். நீங்கள் எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது. இருட்டத் தொடங்கியதிலிருந்து விடியும் வரை முதலை அதிகம் நடமாடும். பிள்ளைகளைத் தண்ணீர் ஓரமாக விடவே கூடாது, பகலில்கூடக் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

சாப்பாட்டுக்கு அம்மா எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டித் தருவாள். ஆமை நடைக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இந்த வெள்ளிக்குள் தேதியைச் சொல். கயாக் புக் செய்ய ஆளுக்கு எவ்வளவு எடை என்று கேட்கிறார்கள். பெரியவன், சின்னவள் இரண்டு பேர் எடையும் எழுதி அனுப்பு. உன்னுடையதும் வேண்டும், நீ என் கயாக்கில்தான் வருகிறாய்.

அன்புடன்,
அப்பா