யேல் குடும்பத்தின் பாட்டியையும் அத்தையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எலிஹு யேலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மதராஸில் ஆளுநராக இருந்தவர் பெயர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அமைந்த கதை நம் ஊர் வாசகர்களுக்கு எப்போதுமே பிடிக்கும். சட்டக் கல்லூரியின் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறையின் படத்தையும் நன்றாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் குடும்பத்தின் பூர்வீகத்துக்கு வந்ததும், மதச் சுதந்திரம் தேடி யேல்கள் அமெரிக்கா போனார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கூடவே, பல்கலைக்கழகத்தை நிறுவியவரே அவர்தான் என்றும் எழுதிவிட்டீர்கள்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லூரி 1701-லேயே கனெக்டிகட்டில் தொடங்கிவிட்டது. 1716-ல் நியூ ஹேவனுக்கு இடம் மாறியது. யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு 12 ஷில்லிங். அதற்கு நன்றியாக 1718-ல் அவர் பெயரை வைத்தார்கள். நன்கொடையாளர் என்று எழுதுங்கள், போதும். அவர் இங்கே இருந்த காலத்தில் மதராஸ் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் சேர்த்து எழுத வேண்டும். அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகமே 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

நான் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உயர் நீதிமன்றத்தைத் தாண்டித்தான் பல வருடங்கள் வேலைக்குப் போய்வந்தேன். அந்தக் கல்லறையைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, கதை ஆண்கள் பக்கம் இல்லவே இல்லை என்று தோன்றியது. யேல் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்துப் பண்ணை வீடுகளில் போய் நின்றுவிடுவோம். அவர்கள் ஏன் அமெரிக்கா போனார்கள் என்பதற்கு அங்கே விடை கிடையாது. விடை எலிஹுவின் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் இருக்கிறது. அவர் பெயர் ஆன்.

ஆன் பிறந்தது பிஷப் வீட்டில். அப்பா ஜார்ஜ் லாயிட் செஸ்டர் நகரத்து பிஷப். அவர் பெயர் சொல்லும் வீடு வாட்டர்கேட் தெருவில் இன்றும் நிற்கிறது. கட்டிக்கொண்டது தாமஸ் யேல் என்பவரை. மாமனார் டேவிட் யேல் அதே செஸ்டர் மறைமாவட்டத்தின் சான்சலர், அதாவது பிஷப்பின் நீதிமன்றத்தில் நீதிபதி. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே இங்கிலாந்துத் திருச்சபையின் அதிகாரத்துக்குள் இருந்த குடும்பங்கள். இப்படிப்பட்டவர்கள் அந்தத் திருச்சபையைவிட்டு ஓட எந்தக் காரணமும் இல்லை. தாமஸ் 1619-ல் இறந்தார். தன் பெயரையே கொண்ட மகள் ஆன், மகன்கள் டேவிட், தாமஸ் என்று மூன்று பிள்ளைகளோடு ஆன் விதவையானார்.

சில வருடங்கள் கழித்து ஆன் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் தியோபிலஸ் ஈட்டன், லண்டன் வியாபாரி, பால்டிக் கடல் நாடுகளோடு வணிகம் செய்தவர். அவரும் மனைவியை இழந்தவர், மூத்த தாரத்துக்கு மேரி என்று ஒரு பெண் இருந்தாள். ஈட்டன் பக்திமிக்க ப்யூரிட்டன், அதாவது திருச்சபையின் சடங்குகளைக் களைந்து அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற பிரிவைச் சேர்ந்தவர். கவென்ட்ரியில் சிறுவயது முதலே தெரிந்த ஜான் டேவன்போர்ட் என்ற பாதிரியார் லண்டன் கோல்மன் தெரு தேவாலயத்தில் இருந்தார். 1633-ல் லாட் என்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆர்ச்பிஷப் ஆனதும் ப்யூரிட்டன் பாதிரியார்களுக்கு நெருக்கடி முற்றியது. டேவன்போர்ட் ஹாலந்துக்குத் தப்பிப் போனார், பிறகு சத்தமில்லாமல் திரும்பிவந்து ஈட்டனோடு சேர்ந்து ஒரு கூட்டத்தைத் திரட்டினார். 'ஹெக்டர்' என்ற கப்பல் 1637 ஜூன் 26-ல் பாஸ்டனை அடைந்தது.

அதில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஈட்டன், ஆன், ஈட்டனின் வயதான தாயார், இரு வீட்டுப் பிள்ளைகள். ஆனின் மூத்த மகள், அவள் கணவர் எட்வர்ட் ஹாப்கின்ஸ். ஈட்டனின் தம்பிகளும் இருந்தார்கள். அவர்களில் நதானியேல் ஈட்டன்தான் ஹார்வர்டின் முதல் தலைமை ஆசிரியர், உதவியாளரைத் தடியால் அடித்ததற்காக 1639-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். யேல் பிள்ளைகள் இந்தக் கப்பலில் ஏறியது அம்மாவின் மறுமணத்தால். பிஷப்புகளிடமிருந்து தப்பி ஓடுகிற கூட்டத்தில் ஒரு பிஷப்பின் மகள் ஐம்பதை நெருங்கும் வயதில் கடல் தாண்டிப் போயிருக்கிறார். மதச் சுதந்திரம் தேடிப் போனார்கள் என்ற வரியில் இந்தப் பெண் எங்கே இருக்கிறார்?

அவர்கள் பாஸ்டனில் தங்கியிருந்த மாதங்களில்தான் ஆன் ஹட்சின்சன் என்ற இன்னொரு பெண் விசாரிக்கப்பட்டார். வீட்டில் கூட்டம் கூட்டிப் பிரசங்கங்களை விளக்கியதற்காக 1637 நவம்பரில் அரசு விசாரணை, 1638 மார்ச்சில் சபை விசாரணை, அப்புறம் நாடுகடத்தல். அந்தச் சபை விசாரணையில் டேவன்போர்ட்டும் பேசினார். அந்த மாத முடிவிலேயே ஈட்டன் கூட்டம் கப்பலில் கிளம்பி குவினிபியாக் என்ற இடத்துக்குப் போனது. அங்கிருந்த பழங்குடி மக்களிடம் கோட்டுகள், கோடரிகள், கத்திகள், மண்வெட்டிகள் கொடுத்து நிலம் வாங்கியதாக எழுதிக்கொண்டார்கள். அதுதான் நியூ ஹேவன். ஈட்டன் சாகும்வரை அதற்கு ஆளுநர்.

ஆளுநர் மனைவி ஆன் அங்கே என்ன ஆனார்? டெபோரா மூடி என்ற சீமாட்டி மாசாசூசெட்ஸில் இருந்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்ற கருத்துடையவர். அவரிடமிருந்து அந்தக் கருத்தைச் சொல்லும் ஒரு புத்தகம் ஆன் கைக்கு வந்தது. கணவரிடமோ பாதிரியாரிடமோ கேட்காமல் தனியாக உட்கார்ந்து படித்தார். படித்தபின், தான் குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். அதன்பின் பிரசங்கம் முடிந்து ஞானஸ்நானம் தொடங்கும்போது, ஊர் முழுக்கப் பார்க்க எழுந்து வெளியே போய்விடுவார். டேவன்போர்ட் அந்தப் புத்தகத்தை வாங்கி, அதை மறுத்துப் பிரசங்கம் செய்தார். ஆன் மசியவில்லை.

அதற்குப் பிறகு சபை கையிலெடுத்தது வீட்டு விவகாரங்களை. 1644-ல் நீண்ட குற்றச்சாட்டுப் பட்டியல் வாசிக்கப்பட்டது. சாப்பாட்டு மேசையில் மாமியாரை முகத்தில் அடித்தார், மூத்த தாரத்துப் பெண் மேரியைக் கிள்ளினார், வேலைக்காரிகளைக் கொடுமைப்படுத்தினார், பொய் சொன்னார் என்று போகிறது அது. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. அடித்தது உண்மையானால் அது தவறுதான், அந்த வீட்டு வேலைக்காரிகள் பட்டது சின்னத் துன்பமும் இல்லை. ஆனால் அவர் ஞானஸ்நானத்தின்போது எழுந்து போகாமல் இருந்திருந்தால் இந்த மேசைச் சண்டை ஊர்ச்சபைக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்பதே என் கருத்து. சபை கேட்டபடி அவர் மன்னிப்புச் சொல்லவில்லை. 1645-ல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். சபையே ஊராக இருந்த நியூ ஹேவனில், ஆளுநர் வீட்டிலேயே, ஈட்டன் சாகும்வரை பதின்மூன்று வருடங்கள் அப்படியே வாழ்ந்தார்.

அதே 1645-ல் மகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். மூத்த மகள் ஆனின் கணவர் ஹாப்கின்ஸ், பக்கத்திலிருந்த கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தவர். மாசாசூசெட்ஸில் பலமுறை ஆளுநராக இருந்த ஜான் வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் ஏப்ரல் மாதம் இவளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பக்தியும் அறிவும் உள்ள இளம்பெண், பல வருடங்களாகப் படிப்பதிலும் எழுதுவதிலுமே மூழ்கி, நிறையப் புத்தகங்கள் எழுதி, அதனால் புத்தி பேதலித்துவிட்டாள் என்கிறார். வீட்டு வேலையையும் பெண்களுக்குரிய காரியங்களையும் பார்த்துக்கொண்டு, ஆண்களுக்குரிய விஷயங்களில் தலையிடாமல் இருந்திருந்தால் புத்தி கெட்டிருக்காதாம். கணவர் அவளிடம் ரொம்ப அன்பாக இருந்ததால் கண்டிக்கத் தயங்கினாராம்.

அவளுக்கு என்ன நோய் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. நோய் இருந்தது உண்மை. அதற்குக் காரணம் புத்தகம் என்று ஒரு ஆளுநர் எழுதி வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படிச்சுப் படிச்சுப் பொண்ணுக்குப் பித்துப் பிடிச்சிடும் என்று நூலகத்துக்கே வந்து மகளை இழுத்துக்கொண்டுபோன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் திருப்பித் தராத புத்தகங்களுக்கு நான் ஒருநாளும் அபராதம் கேட்டதில்லை.

வின்த்ரோப்பின் அதே குறிப்பில்தான் நம் கதை மதராஸை நோக்கித் திரும்புகிறது. சிகிச்சை ஏதாவது கிடைக்குமா என்று ஹாப்கின்ஸ் மனைவியைப் பாஸ்டனுக்குக் கூட்டிவந்து, அங்கே வியாபாரியாக இருந்த அவள் சகோதரர் யேலிடம் விட்டுவிட்டுப் போனார் என்று அதில் இருக்கிறது. அந்தச் சகோதரர் டேவிட் யேல். எலிஹுவின் அப்பா.

அம்மா சபையைவிட்டு விலக்கப்பட்டார், அக்கா பைத்தியம் என்று எழுதப்பட்டாள். இந்த நிலையில்தான் 1646-ல் ராபர்ட் சைல்ட் என்பவரின் மனுவில் டேவிட் யேல் கையெழுத்துப் போட்டார். சபை உறுப்பினராக இல்லாதவர்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று மாசாசூசெட்ஸ் அரசிடம் கேட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். அரசு அந்த மனுவை ஏற்கவில்லை, கையெழுத்திட்டவர்களைத் தண்டித்தது. 1649-ல் எலிஹு பாஸ்டனில் பிறந்தான். அவனுக்கு மூன்று வயதாகும்போது, 1652-ல், குடும்பம் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டது. எலிஹு அதன்பின் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. மதச் சுதந்திரம் தேடிப் போனவர்கள் என்று நீங்கள் எழுதிய குடும்பத்தின் இந்தக் கிளை, அது கிடைக்காமல் திரும்பி வந்த கிளை. சித்தப்பா தாமஸ் மட்டும் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார், அமெரிக்க யேல்கள் அவர் வழி வந்தவர்கள்.

ஈட்டன் 1658 ஜனவரியில் இறந்ததும் பாட்டி ஆனும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த வருடமே இறந்துபோனார். ஹாப்கின்ஸ் 1657-ல் லண்டனில் இறந்தபோது, துயரத்திலிருக்கும் தன் மனைவியின் பராமரிப்புக்காக வருடத்துக்கு 150 பவுண்டு டேவிட் யேலிடம் கொடுக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அவர் சொத்தில் ஒரு பங்கு நியூ ஹேவனில் பள்ளிக்கூடம் தொடங்கவும் போனது. ஹாப்கின்ஸ் பள்ளி என்று அது இன்றும் நடக்கிறது. அத்தை ஆன் 1698 வரை உயிரோடு இருந்தார். அப்போது எலிஹு பதவி போனபின்னும் மதராஸில்தான் இருந்தார்.

இங்கே எலிஹு விட்டுச்சென்ற பதிவுகளைப் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680 நவம்பர் 4-ல் நடந்த முதல் திருமணம் அவருடையதுதான், மணப்பெண் கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. இந்தத் திருமணத்தில் பிறந்த ஒரே மகனுக்கு டேவிட் என்று அப்பாவின் பெயரை வைத்தார். அந்தக் குழந்தையின் கல்லறையைத்தான் நீங்கள் படம் போட்டீர்கள். பெண்கள் மூவரில் ஒருத்திக்குக் கேதரின் என்று தாயின் பெயர், இன்னொருத்திக்கு உர்சுலா என்று எலிஹுவின் அம்மா பெயர். மற்றொருத்திக்கு ஆன். பாட்டியும் அத்தையும் மறக்கப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். நம் வீடுகளில் பெயர் வைக்கிற வழக்கம் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பல்கலைக்கழகம் பற்றி ஒரே ஒரு தேதி சொல்கிறேன். யேல் கல்லூரி இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-ல். ஆன் ஈட்டன் ஒரு புத்தகத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வந்ததும் அதே ஊரில்தான். பெயர் வந்த வழியை எழுதும்போது இந்த இரண்டு பெண்களை விட்டுவிட்டு எழுதவே முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் கட்டுரையாளர் சிரமப்பட்டுத் தகவல் சேர்த்திருக்கிறார், அதை மதிக்கிறேன். நிறுவனர் என்ற வார்த்தைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதோடு, பாட்டி ஆன் ஈட்டன், அத்தை ஆன் ஹாப்கின்ஸ் இருவரைப் பற்றியும் மகளிர் பக்கத்தில் தனிக் கட்டுரை ஒன்று வர வேண்டும். வின்த்ரோப் நாட்குறிப்பின் அந்தப் பகுதி, ஹாப்கின்ஸ் உயில் ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் இருக்கின்றன. கட்டுரையாளர் கேட்டால் கொடுத்து உதவத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
பெரம்பூர், சென்னை